ரிவால்வர் (மாதிரி) – ஒன்று

நான் துப்பாக்கி கேட்கவில்லை. உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் கேட்டேன். அதற்குப் படிவம் இல்லை. துப்பாக்கிக்கு இருந்தது.

என் பேர் அங்கமுத்து. உடையார்பாளையத்துக்குத் தெற்கே எனக்கு நாலு ஏக்கர் முந்திரித் தோப்பு. போன பங்குனியில் ஒரு நாள் காலை கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தபோது, திருட்டுச் செம்மண் ஏற்றி வந்த லாரியை எங்கள் ஊர்த் தலையாரி நடராசன் கை நீட்டி மறித்தார். லாரி நிற்கவில்லை. ஓட்டியவன் லாரிக்குச் சொந்தக்காரனான ராஜராஜன். மரத்தடியில் குனிந்திருந்தவரைக்கும் அவன் என்னைப் பார்க்கவில்லை. நிமிர்ந்ததும் பார்த்துவிட்டான். நடராசன் உயிர் பிரியக் கால்மணி நேரம் ஆனது. அந்தக் கால்மணி நேரமும் அவர் தலை என் மடியில் இருந்தது.

ராஜராஜன் ஜாமீனில் வந்துவிட்டான். நேரில் பார்த்த சாட்சி நான் ஒருவன்தான். அக்டோபர் பதினாறாம் தேதி அரியலூர் கோர்ட்டுக்கு வரச் சொல்லி ஜூலையில் சம்மன் வந்தது. சம்மன் வந்த மறுநாள் ராஜராஜனும் வந்தான். சும்மா சொல்லக் கூடாது, ரொம்ப மரியாதையாகத்தான் பேசினான். உட்கார்ந்தான், தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

"மாமா, தோப்புக்குள்ள ஒத்தையா போறீங்க வரீங்க. எங்க பார்த்தாலும் பொதரு. உங்கள நெனச்சா எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது" என்றான்.

அன்றிலிருந்து எனக்கும் வரவில்லை. அடுத்த வாரமும் வந்து அதையே சொல்லிவிட்டுப் போனான்.

நடராசன் மனைவி பொன்னம்மாள் என் தோப்பில்தான் கொட்டை பொறுக்குவாள். "நீங்க வந்து சொல்லுவீங்கதானே அண்ணே?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "சொல்றேம்மா" என்று வாய் சொல்லிவிட்டது. காவலுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று போலீஸ் ஸ்டேஷனில் போய்க் கேட்டேன். "ஆளு ஏதுங்க? எல்லாரும் பந்தோபஸ்துல இருக்காங்க. நீங்களே ஒரு கைத்துப்பாக்கி வாங்கி யாருக்கும் தெரியாம இடுப்புல சொருகிக்கிடுங்க" என்று புத்தி சொல்லி அனுப்பினார்கள்.

அப்படித்தான் நான் பெரம்பலூரில் இருக்கும் மறைவாயுத உரிமப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தேன். மாவட்டத்தை இரண்டாக்கி, ஒன்றாக்கி, திரும்பவும் இரண்டாக்கிய குழப்பத்தில் இந்தப் பிரிவை மட்டும் பிரிக்க மறந்துவிட்டார்களாம். ஆகவே பீரோ பெரம்பலூரில் இருக்கிறது, பீரோ சாவி அரியலூரில் இருக்கிறது. புதன்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் சாவி வரும். நான் போனது திங்கட்கிழமை. புதன்கிழமை திரும்பப் போனேன்.

பீரோவைத் திறந்ததும் மேல் தட்டிலிருந்து ஒரு காகிதக் கட்டு வழுக்கி என் காலடியில் விழுந்தது. எடுத்துக் கொடுக்கும்போது மேலே எழுதியிருந்த பேரைப் பார்த்துத் திக்கென்றது: 'நடராசன், கிராம உதவியாளர். லாரிக்காரர்களால் உயிருக்கு ஆபத்து.' தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தையது.

"இவரு செத்துட்டாரும்மா" என்றேன்.

கிளார்க் மேகலா காகிதத்தையும் என்னையும் பார்த்தாள். அவள் வாய் திறக்கும் முன் கண்காணிப்பாளர் ஜெயப்பிரகாஷ் சொன்னார்: "அது நிலுவைல இருக்கு. ஆபத்து நிரூபணம் ஆகல. நிரூபணம் ஆனதும் வரிசைப்படி பார்ப்போம். நீங்க உங்க விஷயத்துக்கு வாங்க."

வந்தேன்.

"பாருங்க அங்கமுத்து, துப்பாக்கியில ரெண்டு வகை. வெளிய தெரியுறது, தெரியாதது. தெரியுற மாதிரி கொண்டு போனா பொதுமக்கள் பயந்துடுவாங்க. அதனால ஒரு மனுஷன்கிட்ட துப்பாக்கி இருக்குன்னு அவன் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியக் கூடாது. ரகசியம்தான் இந்தப் பிரிவுக்கு உசுரு. இருபத்தாறு வருஷ சர்வீசுல இங்கேருந்து ஒரு விஷயம் வெளிய போனதில்ல. நாங்க என்ன வேலை பார்க்குறோம்னு மேலிடத்துக்கே தெரியாது. சில நேரம் எங்களுக்கும் தெரியாது. சரி, எந்தத் துப்பாக்கி வேணும்?"

"எது கெடைச்சாலும் சரிங்க."

"புடவைக் கடையிலகூட அப்படிச் சொல்ல மாட்டாங்க. தெனமும் கூடவே இருக்கப் போற சாமான். யோசிச்சுச் சொல்லுங்க."

அவரே விளக்கினார். ரிவால்வர் என்றால் நடுவில் உருளை, அதில் ஆறு குண்டு. விசையை அமுக்கினால் போதும், ஒன்றும் தெரியாதவனுக்கும் சுடும். ஆனால் உருளை வயிற்றில் துருத்திக்கொண்டு நிற்கும், உட்கார்ந்து சாப்பிட முடியாது. பிஸ்டல் தட்டையானது, ஒளித்து வைக்க வசதி. ஆனால் முதல் குண்டுக்கு மேல் பக்கத்தைப் பின்னால் ஒரு இழுப்பு இழுத்துவிட வேண்டும்.

"நான் இழுக்குற வரைக்கும் எதிராளி சும்மா இருப்பானுங்களா?"

"அத எதிராளிகிட்ட எழுதி வாங்கிட்டு வரணும்."

நேரில் பார்க்கலாமா என்று கேட்டேன். அது ஆயுதம் இல்லாத வளாகமாம். துப்பாக்கி அங்கே வரக் கூடாதாம். ஆகவே மேஜைமேல் ஸ்டேப்ளரை வைத்து அதைப் பிஸ்டல் என்றார்கள். காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்சிங் மெஷினை வைத்து அதை ரிவால்வர் என்றார்கள். இரண்டையும் மாற்றி மாற்றி இடுப்பில் சொருகி, குனிந்து, நிமிர்ந்து, அரை மணி நேரம் பார்த்தேன். எனக்கு இழுக்கத் தெரியாது என்பதால் ரிவால்வர் என்றேன்.

"நல்லது. ஸ்டேப்ளர் கேட்டிருந்தீங்கன்னா குடுத்திருக்க முடியாது, ஆபீசுக்கு வேணும்" என்றார் ஜெயப்பிரகாஷ்.

விதிப்படி முதலில் மாதிரியை மறைத்து வைத்து ஒத்திகை பார்க்க வேண்டும். யார் கண்ணிலும் படாமல் தேறினால்தான் அசல் துப்பாக்கிக்கு உரிமம். மேகலா பஞ்சிங் மெஷினை ஃபைல் கட்டும் சிவப்புத் துணியில் சுற்றித் தைத்துக் கொடுத்தாள். 'ரிவால்வர் (மாதிரி) – ஒன்று' என்று பதிவேட்டில் எழுதி என் கையெழுத்து வாங்கினாள். உள்ளே இருப்பது என்ன என்பது அலுவலக ரகசியம். அதை வெளியே சொன்னால் விண்ணப்பம் ரத்து.

நான் வேட்டி கட்டுகிற ஆள். வேட்டிமேல் பச்சை பெல்ட் போடுவேன். அதில் வலது பக்கம் வெற்றிலை பாக்கு இருந்த இடத்தில் ரிவால்வரைச் செருகினேன். அடேங்கப்பா, என்ன கனம்! மேலே சட்டையை இழுத்துவிட்டால் மூன்று மாதக் கர்ப்பம் மாதிரி இருந்தது. அதுவும் போகட்டும். உள்ளே பழைய ஓட்டைகளின் காகிதப் பொட்டுகள் நிறையத் தங்கியிருந்தன. நான் நடந்த இடமெல்லாம் துணி இடுக்கு வழியாக வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தன.

"என்னங்க இது, இடுப்புல பொடைப்பா இருக்கு?" என்றாள் என் மனைவி கலியம்மாள்.

"ஒண்ணுமில்ல."

"குடலிறக்கமா? எங்கிட்டகூடச் சொல்லாம மறைக்கிறீங்களே, பாவி மனுஷா!"

அவள் அழுததில் தெரு முழுக்க விஷயம் பரவி, பக்கத்து வீட்டுக்காரர்கள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். நானும் ரகசியத்தைக் காப்பாற்றிப் படுத்துக்கொண்டு எட்டுப் பழம் சாப்பிட்டேன்.

ஒன்பதாம் நாள் ரகசியத்தை அந்தப் பிரிவே கவனித்துக்கொண்டது. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். "பொதுமக்கள் கவனத்துக்கு! தெற்குத் தெரு அங்கமுத்து அவர்கள் இடுப்பில் வலது பக்கம் ரகசியமாகக் கைத்துப்பாக்கி வைத்திருக்கிறார். யாராவது பார்த்திருந்தால் உடனே தெரிவிக்கவும்!" அதையே நோட்டீசாக அடித்து பஸ் ஸ்டாப்பிலும், ரேஷன் கடையிலும், விதிப்படி எதிராளி வீட்டு வாசலிலும் ஒட்டினார்கள்.

எதிராளி என்றால் ராஜராஜன்.

மறு புதன்கிழமை ஜெயப்பிரகாஷ் நேரில் சோதனைக்கு வந்தார். தெரு முழுக்கக் கூடிவிட்டது. என் இடுப்பில் எதுவும் தெரியவில்லை என்று ஐந்து பேர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கே பார்த்துத் தெரியவில்லை என்று சொல்வது என அவர்கள் கேட்டதால், ஜெயப்பிரகாஷ் ஸ்கேலை வைத்து இடத்தைத் தொட்டுக் காட்டினார். எல்லாரும் அந்த இடத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்று கையெழுத்துப் போட்டார்கள்.

அதோடு கிளம்பியிருந்தால் நான் தேறியிருப்பேன். அவர் நேராக என் முன்னால் வந்து நின்றார். ஆபீசர் எதிரே நிற்கும்போது எந்த மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பான்? கை தானாகப் போய் மடிப்பை அவிழ்த்துவிட்டது. அவசரத்தில் பெல்ட்டும் சேர்ந்து தளர்ந்து, ரிவால்வர் வேட்டிக்குள்ளேயே சறுக்கி வந்து அவர் கால் கட்டை விரலில் விழுந்தது. நல்லவேளை, சிவப்புத் துணி பிரியவில்லை. ஆனால் அது விழுந்த சத்தத்தையும் அவர் போட்ட சத்தத்தையும் வைத்து, உள்ளே இருப்பது பெரிய துப்பாக்கிதான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

அவர் நொண்டிக்கொண்டே குறிப்பு எழுதினார்: 'விண்ணப்பதாரர் மரியாதை காட்டும்போது ஆயுதம் வெளிப்படுகிறது. மரியாதையைத் தவிர்க்கும்படி அறிவுறுத்தப்பட்டது.'

இரண்டாம் சோதனை இரண்டு வாரம் கழித்து. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, மடித்துக் கட்டிய வேட்டியோடு அப்படியே நின்றேன். இடுப்பில் ஒன்றும் தெரியவில்லை. ஜெயப்பிரகாஷுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னய்யா, கெசட்டட் ஆபீசர் முன்னாடி தொடை தெரிய நிக்கிற?"

"நீங்கதானே சார் மரியாதை வேணாம்னு எழுதினீங்க."

"எழுதினா? எழுதுனது ஃபைலுக்குய்யா. நேர்ல ஒரு இது வேணாமா?"

'மறைப்பு: திருப்தி. நடத்தை: திருப்தியில்லை' என்று எழுதினார். மூன்றாம் சோதனைக்குத் தேதி கேட்டேன். நவம்பர் என்றார்கள். கோர்ட் தேதி அக்டோபர் பதினாறு என்றேன். அவர்கள் பதிவேட்டை மூடி வைத்துவிட்டார்கள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் புது நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ராஜராஜன் படத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவனுக்குக் கைத்துப்பாக்கி உரிமம் அனுமதிக்கப்பட்டிருந்தது. விண்ணப்பித்துப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குமேல் படிக்கக் கண் ஓடவில்லை. அப்படியே பெரம்பலூர் பஸ் ஏறினேன்.

"எவனப் பார்த்துப் பயந்து துப்பாக்கி கேட்டேனோ அவனுக்கே குடுத்துட்டீங்களே சார்! இது உங்களுக்கே நியாயமா?"

ஜெயப்பிரகாஷ் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "அவரு பிஸ்டல் கேட்டாரு. ஸ்டேப்ளர் ஆபீசுக்கு வேணும்கிறதால மாதிரி குடுக்க முடியல. மாதிரி இல்லாததால ஒத்திகை இல்ல. ஒத்திகை இல்லாததால அவரு தோற்கல. நீங்க ரெண்டு தடவ தோத்திருக்கீங்க."

"அவன்மேல கொலக் கேசு இருக்கு சார்."

"கேசு இன்னும் முடியல. முடியாத விஷயத்துல நாங்க அபிப்பிராயம் சொல்லக் கூடாது. முடிஞ்சதும் வாங்க, பரிசீலிக்கிறோம். அதுவுமில்லாம அவரு உயிருக்கு ஆபத்து இருக்குன்னு எங்ககிட்ட ஆதாரமே இருக்கு."

"என்ன ஆதாரம்?"

"உங்ககிட்ட துப்பாக்கி இருக்குன்னு நாங்களே ஒட்டின நோட்டீசு. உங்களுக்கு ஆபத்துன்னு சொல்றதுக்கு என்ன ஆதாரம் இருக்கு?"

"ரெண்டு தடவ வந்து மெரட்டினான் சார்."

"வாயால மெரட்டினது செல்லாது. எழுத்துல இருக்கா?"

நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். பொன்னம்மாளிடம் போய் என்னால் முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவெடுத்து, சொல்ல வேண்டிய வார்த்தைகளைக்கூட யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது மேகலா தண்ணீர் பாட்டிலோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"சார், அந்த நோட்டீச முழுசாப் படிச்சீங்களா?"

"எங்கம்மா படிக்கிறது..."

"ஏழாவது கட்டம் படிங்க" என்று தன் போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினாள்.

ஏழாவது கட்டம் 'பகைக்கான காரணம்'. ராஜராஜன் முதலில் 'முன்விரோதம்' என்று மட்டும் எழுதியிருந்தானாம். அது பத்தாது, காரணம் பலமாக இருந்தால்தான் சீக்கிரம் கிடைக்கும், இது ரகசியப் பிரிவு, எழுதுவது இந்தச் சுவரைத் தாண்டாது என்று ஜெயப்பிரகாஷ் தைரியம் சொல்லியிருக்கிறார். என் இடுப்பில் இருப்பதை நினைத்துப் பயந்துபோயிருந்தவன் தன் கைப்படவே எழுதிவிட்டான்: 'என் லாரியை மறித்த நடராசன்மேல் நான் லாரியை ஏற்றியதை மேற்படி அங்கமுத்து நேரில் பார்த்துவிட்டபடியாலும், சாட்சி சொல்லக் கூடாது என்று அவரை இரண்டு முறை மிரட்டியும் அவர் கேட்காதபடியாலும், தற்போது அவர் துப்பாக்கி வைத்திருப்பதாலும் என் உயிருக்கு ஆபத்து உள்ளது.' கீழே கையெழுத்து. விதிப்படி அதையும் அப்படியே நகலெடுத்து மூன்று இடத்தில் ஒட்டிவிட்டார்கள்.

"பஸ் ஸ்டாப்புல இருக்குறத மழை நனைச்சுடும் சார்" என்றாள் மேகலா. "நீங்க ஆட்சேபணை மனு போடுறதா இருந்தா உண்மை நகல் கேக்க உரிமை இருக்கு. எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். அவள் அடுக்கிக் கொண்டுபோய் நீட்டிய இருபது காகிதத்தோடு அதிலும் ஜெயப்பிரகாஷ் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். வட்ட முத்திரை பளிச்சென்று விழுந்தது.

"இதுல ஓட்ட போட்டுக் கோத்துத் தரணும். பஞ்சிங் மெஷின் உங்க இடுப்புல இருக்கு, இங்க தையலப் பிரிச்சா விண்ணப்பம் ரத்து. நீங்க கொண்டு போனதுலேருந்து இந்த ஆபீசுல ஒரு ஃபைலும் கோக்கல" என்றாள்.

அக்டோபர் பதினாறு. காலை பஸ்ஸில் கலியம்மாள் ஒரு பக்கம், பொன்னம்மாள் ஒரு பக்கம். நடுவில் நான். கோர்ட் வாசலில் போலீஸ்காரர் என் பெல்ட்டைத் தடவி, துணியைப் பிரித்துப் பார்த்தார்.

"என்னங்க இது?"

"ரிவால்வர். மாதிரி."

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, திருப்பிச் சுற்றிக் கொடுத்து உள்ளே விட்டார். வாசலில் ஒரு தட்டில் டோக்கன் கட்டிய நிஜ பிஸ்டல் ஒன்று இருந்தது. ராஜராஜன் முன்னாலேயே வந்திருக்கிறான் என்று தெரிந்துகொண்டேன்.

என் பேரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினேன். எதிர்க் கூண்டில் ராஜராஜன் நின்றான். அரசு வக்கீல் சிவரஞ்சனி, சின்ன வயசுப் பெண், உண்மை நகலை நீட்டினார். கோர்ட் ஊழியர் வாங்கிப் பார்த்துவிட்டு, ஓட்டை போட்டு டேக் கட்டாத காகிதத்தைக் கட்டில் சேர்க்க முடியாது என்றார். பஞ்சிங் மெஷின் இருக்கிறதா என்று வக்கீல் தேடினார். ஊழியர் தேடினார். எங்கும் இல்லை.

"எங்கிட்ட இருக்குங்க" என்று இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"ஐயா! சுடப் போறான் ஐயா! பிடிங்க!" என்று அலறிக்கொண்டு ராஜராஜன் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டான். தலைமேல் இரண்டு கையும் இருந்தன. மூன்று மாதமாக நான் எப்படிப் பயந்தேனோ அப்படியே அவனும் பயந்திருக்கிறான். அதைப் பார்த்தபோது, பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சிவப்புத் துணியைப் பிரித்தேன். காகிதத்தை உள்ளே விட்டு அமுக்கினேன். இரண்டு ஓட்டை விழுந்தது. வெள்ளைப் பொட்டு இரண்டு கூண்டின் கட்டைமேல் உதிர்ந்தது. நீதிபதி ஏழாவது கட்டத்தை முதலில் மனசுக்குள் படித்தார். பிறகு சத்தமாகப் படித்தார். அதற்குப் பிறகு நான் பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. நடராசன் கடைசியாகத் தண்ணீர் கேட்டதைக்கூடச் சொன்னேன். பின்பெஞ்சில் பொன்னம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று மாலையே ராஜராஜன் ஜாமீன் ரத்தாகி உள்ளே போனான்.

நவம்பரில் எனக்குக் கடிதம் வந்தது. 'விண்ணப்பித்த நாள் முதல் தாங்கள் எந்த ஆயுதமும் இன்றி உயிருடன் இருந்துவருவதால், தங்கள் உயிருக்கு ஆபத்து இல்லை என்பது நிரூபணமாகிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. மாதிரியை ஏழு நாட்களுக்குள் ஒப்படைக்கவும்.' கொண்டுபோய்க் கொடுத்தேன். பஞ்சிங் மெஷின் திரும்பி வந்ததால் நிலுவையில் இருந்த ஃபைல்களை எல்லாம் கோக்கச் சொல்லிவிட்டார் கண்காணிப்பாளர் என்றாள் மேகலா. அவள் ஏன் என் முகத்தைப் பார்க்காமல் அதைச் சொன்னாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பத்து நாள் கழித்துப் பொன்னம்மாள் ஒரு தபாலோடு தோப்புக்கு வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"அவரு பேருக்கு வந்திருக்கு அண்ணே. என்னன்னு பாருங்க."

பார்த்தேன். 'திரு. நடராசன், கிராம உதவியாளர் அவர்களுக்கு. தாங்கள் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டிருப்பதால், தங்கள் உயிருக்கு ஆபத்து இருந்தது என்பது ஐயமின்றி நிரூபணமாகிறது. தங்களுக்குக் கைத்துப்பாக்கி உரிமம் வழங்க ஆணையிடப்படுகிறது. அடையாள அட்டையுடன் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.'

இரண்டு தடவை படித்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், எழுதியிருந்தபடியே அவளுக்குப் படித்துக் காட்டினேன். பொன்னம்மாள் கொஞ்ச நேரம் லாரி வந்த பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நேர்லன்னா எங்கண்ணே வரணுமாம்?" என்று கேட்டாள். "பெரம்பலூருக்கா, அரியலூருக்கா?"